காவல்காரர் வீட்டிலேயே கொள்ளை... ஆனால் ஷேர் விலை ஏறியது! தெரியுமா?

2020 டிசம்பர் 8. உலகில் எந்தப் பெரிய நிறுவனத்துக்குள் ஹேக்கர்கள் புகுந்தாலும், முதல் போன் யாருக்குப் போகுமோ அந்த ஃபயர்ஐ நிறுவனமே, “எங்களுக்குள்ளும் புகுந்துவிட்டார்கள்” என்று பகிரங்கமாக அறிவித்தது! வாடிக்கையாளர்களின் பாதுகாப்பைச் சோதித்துப் பார்க்க ஃபயர்ஐ தன் கையால் செய்து வைத்திருந்த ஹேக்கிங் கருவிகளையே அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். மறுநாள் ஷேர் விலை பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. இதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் இனிமேல்தான்!

அந்தத் திருட்டைக் கண்டுபிடித்தது எப்படித் தெரியுமா? ஊழியர் ஒருவரின் கணக்கில் புதிதாக ஒரு செல்போன் பதிவாகியிருந்தது. பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர்களுக்கு அது உறுத்தியது. அந்த ஊழியரையே கூப்பிட்டுக் கேட்டார்கள். அது தன் போன் இல்லை என்று அவர் சொன்னார். அவ்வளவுதான். அந்த ஒற்றை நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனால், மறுமுனையில் சோலார்விண்ட்ஸ்! அந்த நிறுவனத்தின் மென்பொருள் அப்டேட்டுக்குள்ளேயே உளவாளிகள் ஒளிந்திருந்தார்கள். அந்த அப்டேட்டை வாங்கியவர்கள் கிட்டத்தட்ட 18,000 வாடிக்கையாளர்கள். அமெரிக்க நிதித்துறையும் வணிகத்துறையும்கூட அகப்பட்டுக்கொண்டன. சோலார்விண்ட்ஸ் ஷேர் ஒரே வாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. ஃபயர்ஐ ஷேரோ, திருட்டுச் செய்தி வருவதற்கு முன்பிருந்த விலையையும் தாண்டி, அந்த டிசம்பர் முடிவதற்குள் மளமளவென்று ஏறிவிட்டது! திருடு போனது இவர்கள் வீட்டில். ஊரையே எழுப்பிவிட்டதும் இவர்கள்தான் என்பதைச் சந்தை கவனித்துவிட்டது.

‘அப்படியானால் ஃபயர்ஐ ஷேரை முதல் நாளே வாங்கியவர் கோடீஸ்வரர் ஆகியிருப்பாரே’ என்றுதானே நினைக்கிறீர்கள்? கணக்கைப் பாருங்கள். 2013 செப்டம்பரில் ஐபிஓ விலை 20 டாலர். 2014 மார்ச்சில் 95 டாலரைத் தாண்டியது. 2017 தொடக்கத்தில் 11 டாலருக்கும் கீழே! பிறகு பொருட்களை விற்கும் பிரிவைத் தனியாக விற்றுவிட்டு, மாண்டியன்ட் என்ற பெயரோடு நின்ற நிறுவனத்தை 2022-இல் கூகுள் வாங்கியது. கொடுத்த விலை, ஷேருக்கு 23 டாலர். ஒன்பது வருடம் காத்திருந்ததற்கு மூன்று டாலர்! இடைப்பட்ட காலத்தில் உலகில் ஹேக்கிங் குறைந்துவிட்டதா? சோனி பிக்சர்ஸ் தாக்குதல், அமெரிக்க அரசு ஊழியர்களின் கோப்புகள் திருட்டு, உலகையே உலுக்கிய வான்னாக்ரை எல்லாம் அந்த ஒன்பது வருடங்களில் நடந்தவைதான். வருவாயும் குறையவில்லை. 2013-இல் சுமார் 16 கோடி டாலர். 2019-இல் சுமார் 89 கோடி டாலர். ஐந்து மடங்குக்கு மேல்! சரக்குக்குக் கிராக்கி ஐந்து மடங்கு ஏறினாலும் ஷேர்காரருக்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். இணையப் பாதுகாப்பு ஷேர்களில் ஆசைப்படும் யாருக்கும் நான் முதலில் சொல்ல விரும்பும் கதை இதுதான். தலைசுற்ற வைக்கும் மற்ற கதைகள் எல்லாம் இதற்கு அப்புறம்!

அடுத்து, 78 நிமிடத்தில் உலகத்தையே நிறுத்திய நிறுவனம்! 2024 ஜூலை 19, நம் நேரப்படி காலை 9.39. பாதுகாப்பு மென்பொருள் விற்கும் கிரவுட்ஸ்ட்ரைக் ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பியது. 10.57-க்குத் திரும்பப் பெற்றது. அதற்குள், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி, 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையைக் காட்டிப் படுத்துவிட்டன! விமானங்கள் நின்றன, மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். டெல்டா விமான நிறுவனம் மட்டும் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. காரணம் என்ன தெரியுமா? 21 விவரங்களை எதிர்பார்த்த இடத்தில் புரோகிராம் 20 விவரங்களைத்தான் கொடுத்தது. அந்த இல்லாத இருபத்தோராவது விவரத்தைத் தேடிப் போய்த்தான் கம்ப்யூட்டர் விழுந்தது! திரும்ப எழுப்புவதற்கும் குறுக்குவழி இல்லை. ஏராளமான கம்ப்யூட்டர்களின் முன்னால் ஒரு ஆள் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்டிவைரஸ் அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ஒரு ஃபைலையே வைரஸ் என்று நினைத்துப் பிடித்துப் போட்டது. உலகமெங்கும் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. அப்போது மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி யார்? ஜார்ஜ் கர்ட்ஸ். 2024-இல் கிரவுட்ஸ்ட்ரைக்கின் தலைவர் யார்? அதே ஜார்ஜ் கர்ட்ஸ்!

ஷேர் என்ன ஆனது? விபத்துக்கு நான்கு வாரத்துக்கு முன்புதான் எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் சேர்ந்திருந்தது. ஜூலை தொடக்கத்தில் 390 டாலரைத் தாண்டியிருந்த விலை, ஆகஸ்ட் தொடக்கத்தில் 220-க்கும் கீழே இறங்கியது. ‘இனி இந்த நிறுவனம் எழுந்திருக்காது’ என்று பேசாத வாய் இல்லை. ஆனால் 2025 பிப்ரவரியில் 400-ஐத் தாண்டிப் புதிய உச்சம்! எப்படி? வாடிக்கையாளர்கள் போகவில்லை. விபத்துக்குப் பிறகும் சந்தாப் பணத்தில் 97 சதவீதம் நிலைத்தது. ஒரு பெரிய வங்கியின் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இறங்கி வேர்விட்டிருக்கும் பாதுகாப்பு மென்பொருளைப் பிடுங்கிவிட்டு வேறொன்றை நடுவது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. அதுவரை காவல் யார்? இந்தத் துறையின் பலமே இந்தப் பிடிமானம்தான். ஃபயர்ஐக்கு இது வாய்க்கவில்லை.

மெக்காஃபி என்றதும் இன்னொன்று. ஒரே நிறுவனம் பங்குச்சந்தைக்கு எத்தனை முறை வந்து போகலாம்? மெக்காஃபி 1992-இல் வந்தது. இன்டெல் 768 கோடி டாலருக்கு வாங்கியதால் 2011-இல் சந்தையை விட்டுப் போனது. 2020-இல் திரும்ப ஐபிஓ. 2022-இல் 1,400 கோடி டாலருக்குத் தனியார் முதலீட்டாளர்கள் வாங்க, மறுபடியும் வெளியே! இதில் ஜான் மெக்காஃபிக்குப் பங்கே இல்லை. அவர் 1994-லேயே கம்பெனியை விட்டுக் கிளம்பிவிட்டார். சேல்பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கதை இன்னும் வேகம். தோமா பிராவோ என்ற முதலீட்டு நிறுவனம் அதை வாங்கி, 2017-இல் 12 டாலருக்குச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2022-இல் ஷேருக்கு 65.25 டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு போனது. 2025-இல் மறுபடியும் சந்தையில் இறக்கியது! தோமா பிராவோவின் பையில் புரூஃப்பாயிண்ட், சோஃபோஸ், பிங் ஐடென்டிட்டி, டார்க்டிரேஸ் என்று வரிசையாக விழுந்திருக்கின்றன. நாம் ஆசையாக வாங்கி வைத்த ஷேரை ஒரு நாள் நல்ல விலைக்கு, சில நாள் சுமாரான விலைக்கு, யாரோ நம் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விடுவது இந்தத் துறையில் வாடிக்கை.

இந்தத் துறையின் பெரிய தலைகளில் பலர் உறவுக்காரர்கள் மாதிரி என்பது தெரியுமா? இஸ்ரேலில் 1993-இல் கில் ஷ்வெட், ஷ்லோமோ கிரேமர், மாரியஸ் நாஹ்ட் மூவரும் தொடங்கிய செக் பாயிண்ட்தான் ஃபயர்வாலைக் கடைச்சரக்காக்கியது. அங்கே இன்ஜினீயராக இருந்த நிர் ஸுக் மனத்தாங்கலோடு வெளியே வந்தார். சுற்றி வளைத்து நெட்ஸ்கிரீன் என்ற நிறுவனத்துக்குப் போய், பிறகு 2005-இல் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸைத் தொடங்கினார். தன் கார் நம்பர் பிளேட்டிலேயே ‘செக் பாயிண்ட் கொல்லி’ என்று பொருள்படும் எழுத்துகளை மாட்டிக்கொண்டு சுற்றினார் மனிதர்! அந்த பாலோ ஆல்டோவில் ஆரம்பத்தில் பணம் போட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? செக் பாயிண்டைத் தொடங்கிய அதே ஷ்லோமோ கிரேமர்! நெட்ஸ்கிரீனைத் தொடங்கியவர்களில் ஒருவரான கென் ஷீ, தம்பி மைக்கேலோடு சேர்ந்து 2000-இல் தொடங்கியதுதான் ஃபோர்டிநெட்.

ஃபோர்டிநெட் கணக்கைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். 2009-இல் ஐபிஓ விலை 12.50 டாலர். 2011-இல் ஒரு ஷேர் இரண்டானது, 2022-இல் ஒவ்வொன்றும் ஐந்தானது. ஆக, இன்றைய ஷேர் கணக்கில் அந்த வெளியீட்டு விலை வெறும் 1.25 டாலர்! 2025-இல் அது 100 டாலரைத் தாண்டியது. எண்பது மடங்கு! ஆனால் அந்த எண்பது மடங்குக்கு நடுவே, 2023 ஆகஸ்டில் ஒரே நாளில் நான்கில் ஒரு பங்கு காணாமல் போன நாளும் உண்டு. பாலோ ஆல்டோவும் அப்படியே. 2012-இல் 42 டாலருக்கு வந்தது, பிரிப்புகளுக்குப் பிறகு இன்றைய கணக்கில் 7 டாலர். 2025-இல் 200-ஐத் தாண்டிய நாட்கள் உண்டு. ஆனால் 2024 பிப்ரவரி 21 அன்று ஒரே நாளில் 28 சதவீதம் விழுந்தது! ஹேக் எதுவும் நடக்கவில்லை, நஷ்டமும் இல்லை. ‘இனி சில சேவைகளைக் கொஞ்ச காலம் இலவசமாகக் கொடுத்து வாடிக்கையாளரைப் பிடிக்கப் போகிறோம், அதனால் பில் தொகை முன்பு சொன்னதைவிடக் குறையும்’ என்றார்கள். அதற்கே 28!

சட்டென்று சில துளிகள். இணையப் பாதுகாப்பு ஷேர்களுக்கென்றே முதன்முதலில் வந்த ஈடிஎஃப், 2014 நவம்பரில் ‘ஹேக்’ என்ற குறியீட்டோடு சந்தைக்கு வந்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் சோனி பிக்சர்ஸ் தாக்குதல் வெடித்தது! 2015 நடுவிலேயே அந்த ஃபண்டில் 100 கோடி டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. கிளவுட்ஃப்ளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் சான்பிரான்சிஸ்கோ அலுவலக வரவேற்பறையில் சுவர் நிறைய லாவா விளக்குகள் எரிகின்றன. அலங்காரத்துக்கு இல்லை! உள்ளே மெழுகு உருகி ஏறி இறங்குவதை கேமரா படம் பிடிக்கிறது. ரகசியச் சாவிகளுக்கான எண்கள் பிறக்க, யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத அந்த அசைவும் கைகொடுக்கிறது. உலகில் பாதுகாப்பு விற்று அதிகம் சம்பாதிப்பவர் யார் என்று பார்த்தால், அது இங்கே கதை சொன்ன எந்தப் பாதுகாப்புக் கம்பெனியும் இல்லை. 2023 தொடக்கத்திலேயே மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புத் தொழிலின் ஆண்டு வருவாய் 2,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டதாகச் சொன்னது. அதற்கு அடுத்த வருடத்தில் பாலோ ஆல்டோவின் மொத்த வருவாயே சுமார் 800 கோடிதான்! இன்னொரு பக்கம், 2020-இல் தொடங்கிய விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்துக்கு 3,200 கோடி டாலர் ரொக்கம் தருவதாக 2025 மார்ச்சில் கூகுள் அறிவித்தது. தொடங்கி ஐந்தே வருடம்! அதில் ஒரு ஷேர்கூடச் சாதாரண முதலீட்டாளருக்கு எந்தச் சந்தையிலும் கிடைத்ததில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வெரிசைன். பாதுகாப்புச் சான்றிதழ் விற்கப் பிறந்த நிறுவனம். டாட்காம் வெறி உச்சத்தில் இருந்த 2000-இல் இதன் ஷேர் 250 டாலர்வாக்கில் போனது. அந்த விலையேறிய ஷேர்களையே கொடுத்து, 2,100 கோடி டாலர் மதிப்பில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸை வாங்க ஒப்பந்தம் போட்டது. அப்புறம் குமிழி உடைந்தது. 2002-இல் ஷேர் 5 டாலருக்கும் கீழே! உலகமே கைவிட்ட அந்த நிறுவனத்தின் கையில் ஒரே ஒரு புதையல் மிஞ்சியிருந்தது: நெட்வொர்க் சொல்யூஷன்ஸோடு சேர்ந்து வந்த ‘டாட் காம்’ முகவரிகளின் பதிவேடு. எந்த மூலையில் யார் டாட் காம் முகவரி வைத்திருந்தாலும், வருடத்துக்கு 10 டாலருக்கு மேல் இவர்களுக்குப் போய்ச் சேரும். 2010-இல் சான்றிதழ் தொழிலை 128 கோடி டாலருக்கு சைமன்டெக்கிடம் விற்றுவிட்டுப் பதிவேட்டோடு அமர்ந்துவிட்டது. ஆயிரத்துக்கும் குறைவான ஊழியர்கள். நூறு டாலர் வந்தால் 65-க்கு மேல் இயக்க லாபம்! டெக் ஷேர் என்றாலே பல காலம் ஒதுங்கி நின்ற வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே, 2012 கடைசியில் இதை வாங்கத் தொடங்கிப் பத்து வருடத்துக்கும் மேல் பிடித்துக்கொண்டிருந்தது. வேகமாக வளரும் தொழில் இல்லை இது. ஆனால் மடக்கிப் பிடிக்கப் போட்டியாளர் இல்லை.

இதற்கு நேர் எதிர் ஸீஸ்கேலர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம். ஹிமாச்சலப் பிரதேசத்தில், மின்சாரம் வராத பனோ கிராமத்தில் வளர்ந்த ஜெய் சௌத்ரி, மனைவியோடு சேர்ந்து சேமிப்பு முழுவதையும் போட்டு 1990-களில் முதல் பாதுகாப்பு நிறுவனத்தைத் தொடங்கியவர். 2018 மார்ச்சில் ஸீஸ்கேலரை 16 டாலருக்குச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அன்று மாலையே 33! 2021 நவம்பரில் 370-ஐ எட்டியது. 2023 மே மாதம் 90-க்கும் கீழே வந்தது. அந்த இடைவெளியில் நிறுவனத்தின் ஆண்டு வருவாய் ஏறத்தாழ இரண்டு மடங்காக வளர்ந்திருந்தது என்றால் நம்புவீர்களா? தொழில் இரட்டிப்பு, ஷேர் கால்வாசி! 2021-இல் வாங்கியவர்கள் அடுத்த பல வருட வளர்ச்சிக்கும் சேர்த்து முன்கூட்டியே விலை கொடுத்துவிட்டார்கள்.

அது இருக்கட்டும், ஹேக்கர்களே ஷேர் வாங்கி விற்றுப் பணம் பார்த்தது தெரியுமா? மாஸ்கோவில் எம்-13 என்ற பெயரில் இணையப் பாதுகாப்பு நிறுவனம் நடத்தியவர் விளாடிஸ்லாவ் கிளியூஷின். அமெரிக்க நிறுவனங்களின் காலாண்டு முடிவுகளை அரசுக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் ஏஜென்சிகளுக்குள் இவருடைய கூட்டாளிகள் புகுந்து, அறிக்கை வெளிவருவதற்கு முன்பே படித்துவிட்டார்கள். டெஸ்லா முதல் ஸ்னாப் வரை, முடிவு தெரிந்தே பந்தயம்! சுருட்டியது சுமார் 9.3 கோடி டாலர். 2021-இல் பனிச்சறுக்கு விளையாட சுவிட்சர்லாந்து வந்து இறங்கிய இடத்திலேயே பிடித்தார்கள். பாஸ்டன் நீதிமன்றம் 9 வருடச் சிறை கொடுத்தது. ஆனால் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடந்த கைதிகள் பரிமாற்றத்தில் ரஷ்யாவுக்கே போய்விட்டார்!

இன்னொரு கூட்டத்தின் துணிச்சலைப் பாருங்கள். 2023 நவம்பரில் ஆல்ஃப்வி என்ற ரேன்சம்வேர் கும்பல், தான் கொள்ளையடித்த மெரிடியன்லிங்க் நிறுவனத்தின் மேல் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்திடமே புகார் கொடுத்தது. “ஹேக் ஆனதை இவர்கள் முதலீட்டாளர்களிடம் சொல்லவில்லை” என்பது புகார்! பெரிய பாதிப்பு என்று தெரிந்தால் நான்கு வேலை நாளுக்குள் சொல்லியாக வேண்டும் என்ற விதி, அதற்கு அடுத்த மாதம்தான் நடைமுறைக்கே வந்தது.

இனி, ஷேர் வாங்க நினைப்பவர் உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஒரு கணக்கு. 2024 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் கிரவுட்ஸ்ட்ரைக்கின் வருவாய் சுமார் 306 கோடி டாலர். அந்த வருடம்தான் அந்த நிறுவனம் முதன்முதலாக முழு ஆண்டு நிகர லாபம் காட்டியது, சுமார் 9 கோடி. ஆனால் அதே வருடம் கையில் மிஞ்சிய ரொக்கம் சுமார் 94 கோடி! ஒரே நிறுவனம், ஒரே வருடம், பத்து மடங்கு வித்தியாசம். எப்படி? வாடிக்கையாளர்கள் சந்தாவை முன்பணமாகக் கட்டிவிடுகிறார்கள். அது ரொக்கத்தில் உடனே சேரும், லாபக் கணக்கில் மெதுவாகத்தான் ஏறும். இன்னொரு காரணம் பெரியது. ஊழியர்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியை ஷேராகவே கொடுக்கிறார்கள். அந்த வருடம் அப்படிக் கொடுத்தது சுமார் 63 கோடி டாலர் மதிப்புக்கு. ரொக்கம் வெளியே போகவில்லை. ஆனால் புதுப்புது ஷேர்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. உங்கள் ஒரு ஷேருக்கு உரிய துண்டு வருடா வருடம் மெலிகிறது. ‘ரொக்கம் கொட்டுகிறது’ என்று ஒருவர் சொன்னால் அவர் 94-ஐப் பார்க்கிறார். ‘லாபம் சொற்பம்’ என்பவர் 9-ஐப் பார்க்கிறார். நான் 63-ஐத்தான் முதலில் தேடுவேன். செக் பாயிண்ட் போன்ற பழைய நிறுவனம் வருடா வருடம் தன் ஷேரையே பைபேக் செய்து எண்ணிக்கையைக் குறைக்கிறது. ஆண்டறிக்கைகள் அமெரிக்க ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன.

நம் ஊரிலிருந்து இந்த ஷேர்களை வாங்கலாமா? தாராளமாக. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு நிதியாண்டில் ஒருவர் 2.5 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். முதலீட்டுக்காக அனுப்புவது வருடத்துக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். டிவிடெண்ட் வந்தால் அமெரிக்காவிலேயே 25 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். பலருக்கும் தெரியாதது ஒன்று: அமெரிக்கர் அல்லாத ஒருவர் 60,000 டாலருக்கு மேல் அமெரிக்க ஷேர்களை வைத்துக்கொண்டு இறந்துபோனால், குடும்பத்துக்குப் போய்ச் சேருமுன் அமெரிக்காவின் வாரிசுச் சொத்து வரி குறுக்கே வரும்!

டாலரே வேண்டாம் என்பவர்களுக்கு நம் சந்தையில் குயிக் ஹீல் இருக்கிறது. புனேயில் ரேடியோ, கால்குலேட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த கைலாஷ் கட்கர், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தம்பி சஞ்சய் ஆன்டிவைரஸ் புரோகிராம் எழுத, அண்ணன் விற்க, அண்ணனும் தம்பியும் வளர்த்த நிறுவனம் 2016 பிப்ரவரியில் 321 ரூபாய்க்கு ஐபிஓ வந்தது. லிஸ்டிங் நாளன்றே வெளியீட்டு விலைக்குக் கீழே இறங்கியது. 2020 மார்ச்சில் 100 ரூபாய்க்கும் கீழே. சென்னையிலோ, கேசவர்தனன் 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த கே7 கம்ப்யூட்டிங் முப்பது வருடங்களுக்கு மேலாக ஆன்டிவைரஸ் செய்துகொண்டிருக்கிறது. ஆனால் அது லிஸ்ட் ஆகவில்லை. எந்த ப்ரோக்கரிடம் கேட்டாலும் ஒரு ஷேர்கூட வாங்கித் தர முடியாது!